நடக்கிறதை எடுங்கோ, அண்ணை!

போன சனிக்கிழமை எங்கள் மல்வேர்ன் பஸ் தரிப்பில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். பார்க்கமாட்டார்களா பின்னே? கனடாவின் ரொறன்ரோக் குளிரில், தோளில் வீடியோ கமராவோடு ஒருவன் பஸ்ஸைப் படமெடுத்தால்!

அடுத்த மாதம் குடும்பத்தோடு இந்தியா போகிறோம். பயணத்தை நானே எடுப்பதாக முடிவு. அதற்குத்தான் இந்த ஒத்திகை.

ஆயத்தம் லேசுப்பட்டதா? மேலதிக பற்றரி இரண்டு, கசற் பத்து, அந்த ஊர் கரண்டுக்கு ஒரு அடப்டர். கோயில் கோபுரத்தைக் கீழிருந்து எடுப்பதா, மேலிருந்து எடுப்பதா என்று கொப்பியில் குறிப்பு வேறு. எடுத்துப் பழகியதை வீட்டில் போட்டுக் காட்டினேன். மனைவி இரண்டு நிமிடம் பார்த்தாள். "இஞ்சருங்கோ, நிப்பாட்டுங்கோ. எனக்குத் தலை சுத்துது."

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பவானி வந்து செற்றியில் இருந்தாள். அவளுடைய தாயார் திருச்சியில். ஆறு வருடமாகத் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பவானியின் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர முடியாது.

"அண்ணை, திருச்சிக்கும் போறியள்தானே? அம்மாவையும் வீடியோவிலை எடுப்பியளோ?"

"ஓம், கட்டாயம். நல்ல சேலை உடுத்தி, செற்றியிலை இருத்தி, வடிவாய் எடுக்கிறன்."

"ஐயோ, இருத்தாதேங்கோ! நடக்கிறதை எடுங்கோ."

நான் முழித்தேன்.

"போனிலை எப்பவும் 'சுகமாய் இருக்கிறன்' எண்டுதான் சொல்லுவா. போன மாசம் விழுந்தவவாம்… அங்கை இருக்கிற மாமி சொல்லித்தான் தெரியும். நடக்கிறதைப் பாத்தால் எனக்கு எல்லாம் விளங்கும்."

நியாயம்தானே? நம் வீட்டு வீடியோக்களை யோசித்துப் பாருங்கள். எல்லாரையும் வரிசையாக இருத்தி, "சிரியுங்கோ" என்று சொல்லித்தானே எடுக்கிறோம்? காய்ச்சல்காரன்கூட அதில் மாப்பிள்ளை மாதிரித்தான் இருப்பான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொப்பியில் கோபுரத்தை வெட்டிவிட்டு, 'பவானியின் அம்மா நடப்பது' என்று முதலாவதாக எழுதினேன்.

"உம்மையும் எடுப்பம். அங்கை அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. தலையைத் தடவிச் சரிசெய்துகொண்டு, கமராவைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, நான் நல்ல சுகம். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

"சரி, இப்ப எழும்பி நடவும் பாப்பம்!" — பகிடியாகத்தான் கேட்டேன்.

எழும்பினாள்; கமரா ஓடிக்கொண்டிருந்தது. மேசையைப் பிடித்தபடி இரண்டே அடி. வலது காலை ஊன்ற முடியவில்லை. பாக்டரியில் நாள் முழுக்க நின்றபடி வேலை… மூன்று மாதமாக இப்படித்தானாம். பக்கத்து வீட்டுக்காரன் நான், கவனித்ததேயில்லை.

"உந்த நடந்ததை அழியுங்கோ, அண்ணை" என்றாள் பவானி. "இருந்தபடி எடுத்தது மட்டும் காணும், அதையே காட்டுங்கோ."

அழித்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது… திருச்சியில் அந்த அம்மாவும் "இருந்தபடியே எடுங்கோ தம்பி" என்று கேட்டால், நான் யார் சொல்லைக் கேட்பது?