ரோமாபுரிக்கு ஒரு வீல்சேர்

போன கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டு அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டே என் சம்பந்தியம்மா ஒரு வார்த்தை சொன்னார். அவர் அதற்கு முந்தின வருடம் ரோமாபுரி போய் வந்தவர். அங்கே பெரிய கோயிலின் உருண்டை மாடத்துக்குள்ளேயே படி வைத்திருக்கிறார்களாம். சுவர் சாய்ந்திருக்குமாம், நாமும் சாய்ந்துகொண்டே ஏற வேண்டுமாம். மேலே போய் நின்றால் ஊரே காலடியில் கிடக்குமாம்.

"உங்களுக்கு அதெல்லாம் ஆவாது சம்பந்தி. நீங்க கீழ பஸ்லயே உட்கார்ந்துக்கலாம். ஏசி நல்லா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கு எடுத்தார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்தப் படியை ஏறியே தீருவது என்று. சாமி கும்பிட எனக்குத் தாம்பரம் போதும். படி ஏறத்தான் ரோமாபுரி வேண்டும்.

இந்த வருடம் எங்கள் கோயில் பங்கு மக்களிலிருந்து ஒரு கூட்டம் ரோமாபுரிக்குப் போகிறது என்று ஞாயிறு பூசையில் அறிவித்தார்கள். நான் மகனைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவன். சரி என்றான். மருமகள் பள்ளிக்கூட டீச்சர். நான் தண்ணீர் கேட்டாலே ஏன் என்று கேட்பவள், அவளும் சரி என்றாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

டிராவல்ஸ் ஆபீஸ் மேற்குத் தாம்பரத்தில் மூன்றாவது மாடி. லிஃப்ட் ரிப்பேர். நான்தான் முதலில் ஏறிப் போய் நாற்காலி பிடித்தேன். மகன் இரண்டாவது மாடியில் நின்று போன் பார்ப்பதுபோல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மருமகள் வந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த ஆள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"பாட்டிக்கு வீல்சேர் போட்டுடலாம்ல மேடம்?"

"போட்டுடுங்க சார்."

"யாருக்கு இன்னா ஆச்சு?" என்றேன்.

"உங்களுக்குத்தான் பாட்டி. ஃப்ரீ."

எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் யாரும் வெளிநாட்டுக்கு நடந்து போவதில்லை. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மா வாசலில் பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைப்பாள். ஏர்போர்ட் போனதும் வீல்சேரில் உட்கார்ந்துவிடுவாள். இங்கிலீஷ் தெரியாமல் எங்காவது மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்த பழக்கம். இப்போது அது வேறு மாதிரி ஆகிவிட்டது. தள்ளுகிற ஆள் லைனில் நிற்காமல் நேராகக் கூட்டிக்கொண்டு போவான். பின்னாலேயே குடும்பமும் கைப்பையோடு ஓடும். வீட்டுக்கு ஒரு கிழவி இருந்தால் எல்லோருக்கும் குறுக்கு வழி.

"நான் இந்த மூணு மாடி ஏறிகினுதானே வந்தேன்? உன் கண்ணு முன்னாடிதானே உட்காந்துகினு கீறேன்?"

அந்த ஆள் சிரித்தார். "கவலைப்படாதீங்க பாட்டி. அங்க படி ஏறுற நாள்ல வீல்சேர்காரங்கள ஏத்த மாட்டோம். பஸ்லயே இருந்துக்கலாம். எல்லார் பேகும் உங்க கிட்டதான். பத்திரமா இருக்கும்."

சம்பந்தியம்மாவின் முறுக்கு கடிக்கும் சத்தம் என் காதில் கேட்டது.

திரும்பி வரும்போது காரில் சண்டை.

"அந்த சேர எடுக்கச் சொல்லு."

"இமிக்ரேஷன் லைன்ல எவ்ளோ நேரம் நிக்கணும் தெரியுமா அத்தை? நடுவுல வேற ஃப்ளைட் மாறணும். உங்கள கூட்டிட்டுப் போறதே..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"முடிம்மா. டீச்சர் பாதியில உட்டா பசங்க இன்னா பண்ணும்?"

"சரி, முடிக்கிறேன். வீல்சேர் இருந்தா நீங்க வரலாம். இல்லைன்னா உங்க டிக்கெட் கேன்சல். போதுமா?"

என் மகன் ஜிஎஸ்டி ரோட்டில் அதற்கு முன் பஸ்ஸையே பார்த்திராதவன்போல முன்னால் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

மறுநாள் காலை ஹாலின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பால் பாக்கெட் கேட்டில் தொங்கியது. மோட்டாரை நிறுத்த ஆள் இல்லாமல் டேங்க் வழிந்து, பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். பேத்தியின் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்து அடித்துப் போய்விட்டது.

"என்ன அத்தை இது?"

"எனக்குக் கால் இல்லம்மா. டிராவல்ஸ்ல எழுதிட்டாங்களே."

"நாடகம் ஆடாதீங்க."

நான் நாற்காலியின் கையை விரலால் குத்தினேன். "பட்டன அமுக்கி எவ்ளோ நேரம் ஆவுது? காபி வரலியே. இன்னா ஏரோப்ளேன் இது?"

அவள் காபியைக் கொண்டு வந்து வைத்த வேகத்தில் பாதி என் புடவையில் கொட்டியது. நானும் விடவில்லை. சாப்பாடு வந்தால் உப்பு இல்லை என்றேன். உப்பு வந்தால் ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னேன். மகன்தான் தள்ளினான், சட்டை பேண்ட் போட்டு ஆபீஸ் கிளம்பிய கோலத்தில். கழிவறைக்கு மட்டும் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் போகவில்லை. எங்கள் கோயிலில் தெருத் தெருவாகக் குடும்பங்களைச் சேர்த்து அன்பியம் என்று ஒரு குழு உண்டு. ஒரு ஆள் பூசைக்கு வரவில்லை என்றால் சாயங்காலத்துக்குள் அவர் சாகக் கிடக்கிறார் என்று முடிவு செய்து வந்துவிடுவார்கள். அப்படியே வந்தார்கள், செபமாலையும் பிஸ்கட் பாக்கெட்டுமாக. அதில் பாதிப் பேர் எங்களோடு ரோமாபுரி வருகிறவர்கள். மருமகளைப் பார்த்து, "கால் வரலன்னு சொல்லவே இல்லையே டீச்சர்? டாக்டர் கிட்ட காட்டினீங்களா இல்லையா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். அவள் டீ போட்டுக்கொண்டே இருந்தாள்.

சேதி ஊரப்பாக்கம் வரை போய், அங்கிருந்து சம்பந்தியம்மாவும் ரயிலேறி வந்து சேர்ந்தார். கையில் சாத்துக்குடி.

"நான் அப்பவே சொன்னேன்ல சம்பந்தி? உங்க உடம்பு உங்களுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது."

அந்த நிமிஷம் எழுந்து நின்றிருப்பேன். நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். குழுவின் தலைவி என் முட்டியில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தத் தாயோட கால்களைத் தொடுங்க" என்று ஆரம்பித்தாள். மருமகள் என் காதருகே குனிந்தாள்.

"எழுந்திருங்க அத்தை. மானம் போகுது."

"சேர எடுத்துட்டியா?"

"நாளைக்கு எடுக்குறேன்."

"அப்ப நாளைக்கு எழுந்துக்கறேன்."

"இவங்க நாளைக்கு ஸ்கூல் வாசல்ல நின்னு பேசுவாங்க!"

"பேசட்டும். செபம் பண்ணிகினு இருக்கும்போது இன்னா பேச்சு?"

அவள் சமையலறைக்குள் போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு போனில் பேசுவது எனக்குக் கேட்டது. "சார், அந்த வீல்சேர எடுத்துடுங்க. பஸ்ல உட்கார வைக்கிறதும் வேணாம். ஆமா, நடப்பாங்க. நல்லாவே நடப்பாங்க!"

"ஆமென்" என்றார்கள். நான் எழுந்து நின்றேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி என் காலைத் தொட்டு முத்தமிட்டாள். அற்புதம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை; அவர்களாகச் சொல்லிக்கொண்டார்கள். பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

சம்பந்தியம்மா மட்டும் முழங்காலிலிருந்து எழ முடியாமல் சோபாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

"நீங்களும் வாங்க சம்பந்தி. பேக பாத்துக்க பஸ்ல ஒரு ஆளு வேணுமாம். ஏசி நல்லா இருக்கும்."

சாத்துக்குடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு மருமகள் என்னோடு நேராகப் பேசுவதில்லை. மகன் வழியாகத்தான் சேதி வரும். விமானத்தில் தங்களுக்கு முன்பக்கத்தில் சீட் போட்டிருக்கிறாளாம். எனக்குக் கடைசி வரிசையில், நடு சீட், கழிவறைக்குப் பக்கத்தில். "உங்கம்மா கிட்ட சொல்லிடுங்க, லைன்ல நிக்கும்போது கால் வலின்னு என் பக்கம் திரும்பக் கூடாது" என்றும் சொல்லியிருக்கிறாள்.

"நீ அவ கிட்ட சொல்லு, முன்னாடி உட்காந்துட்டா முன்னாடி போய்ச் சேந்துட மாட்டா" என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது தினமும் காலையில் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறி இறங்குகிறேன். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிற கிழவி நான் ஒருத்திதான். சாய்ந்த சுவருக்குப் பழக வேண்டும் என்று கொஞ்சம் சாய்ந்துகொண்டே ஏறுகிறேன். அவசரமாகப் போகிறவர்கள் திட்டுகிறார்கள். பாதியில் முட்டி வலிக்கத்தான் வலிக்கிறது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு ஏறுகிறேன். அதை வீட்டில் சொல்வதில்லை.