இறக்கத்தில் கொட்டிய பட்டைச் சக்கை

மார்கழி பிறந்தால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவின் மேட்டில் தோல் பதனிடும் கிடங்குகள், பள்ளத்தில் பாலாறு, நடுவில் ஒரே இறக்கம். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களை ஆற்றில் அலச வண்டியில் ஏற்றி அந்த வழியாகத்தான் இறக்குவார்கள். வழியெல்லாம் வெள்ளையாகச் சொட்டிக்கொண்டே போகும். மற்ற மாதங்களில் வெயில் காயவைத்துவிடும். மார்கழியில் எங்கே காய்கிறது? இரவெல்லாம் பனி கொட்டி, விடிகிறபோது தெரு வெண்ணெய் தடவினதுபோல் கிடக்கும். ஒரு மார்கழியில் அதில் விழுந்து இடுப்பொடிந்த பால்காரர் அடுத்த மார்கழி வந்தும் பாயிலிருந்து எழவில்லை.

அந்த வருஷம் என் பெண்சாதி நிறைமாதம். தலைப்பிள்ளை. வாலாஜாபேட்டையில் அவளுக்குப் பிறந்த வீடு இருந்தது, ஆனால் தாய் இல்லை. அதனால் என்னோடுதான் இருந்தாள். மேட்டுக் கிணறுகள் எல்லாம் கிடங்குத் தண்ணீர் இறங்கி உப்புக் கரித்துப் போயிருந்தன. குடிக்கிற தண்ணீருக்கு ஆற்றோரக் கிணற்றுக்குத்தான் இறங்க வேண்டும். நான் ஒருநாள் குடத்தைத் தூக்கிப் போனேன். கிணற்றடியில் பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் அவள் குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். விடியுமுன் நான் கிடங்குக்குப் போனால், அவள் விழுந்துவிட்டாளா என்ற நினைப்பிலேயே தோலில் முடி வழித்துக்கொண்டிருப்பேன். கத்தி எத்தனை முறை விரலில் இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுதிக் கொடுக்கத் தெரியாமல் வாயால்தான் சொன்னேன். நாற்காலியில் இருந்தவர், "வாசல் தெளிக்கிறோம்னு உங்க பொம்பளைங்க தண்ணி ஊத்தறதுலதான்யா வழுக்குது. போய் அவங்கள நிறுத்தச் சொல்லு" என்றார். சுண்ணாம்பு சொட்டுகிற வண்டி அவர் கண்ணில் படவே இல்லை.

வெளியே நின்றிருந்த ரோட்டு மேஸ்திரிதான் காது கொடுத்தார். ஜெர்மன் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் கூலி வேலை செய்யப் பிரான்சுக்குப் போய் வந்தவர். "அங்க பனின்னா பஞ்சு மாதிரி ரோட்டுல குமியும்பா. அள்ளிப் போட்டுட்டு, வழுக்காம இருக்க மேல சாம்பலக் கொட்டுவானுங்க. இங்க அவ்ளோ சாம்பலுக்கு எங்க போறது? உங்க கிடங்குல தோல ஊறவெச்சு சாறு எறங்கின பட்டை மலை மாதிரி கெடக்குதே, அதக் கொட்றேன்" என்றார்.

அன்று சாயங்காலமே ஆவாரம்பட்டைச் சக்கையை இறக்கம் முழுக்கப் பரப்பினார்கள். மிதித்துப் பார்த்தேன். கால் நின்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியலில் பார்த்தால் தெரு வெறுமையாக வழவழவென்று கிடந்தது. அத்தனை சக்கையையும் துடைப்பத்தால் கூட்டி அள்ளிப் போயிருந்தார்கள், வெந்நீர் அடுப்புக்கு! மறுநாளும் மேஸ்திரி கொட்டினார். மறுநாளும் காணோம். "பிரான்சுல கூட சாம்பலத் திருடற ஜனத்த நான் பாக்கலடா" என்று காறித் துப்பினார்.

மூன்றாம் முறை எதிர்வீட்டம்மாளைக் கூடையும் கையுமாகப் பிடித்தேன்.

"புள்ளத்தாச்சி நடக்கற வழி. ஈவு எரக்கம் இல்லையாம்மா உனக்கு?"

"ரோட்டுல கெடக்கறது உங்கப்பன் ஊட்டு சொத்தா? என்ன மட்டும் கேக்க வந்துட்டான் பாரு. மொதல்ல உன் அடுப்பப் போய்ப் பாருய்யா!"

போய்ப் பார்த்தேன். என் அடுப்பிலும் அதே சக்கைதான் கனிந்துகொண்டிருந்தது. மூலையில் ஒரு கூடை வேறு.

"இன்னா பாக்கற? எல்லாரும் அள்றாங்க. நான் உட்டா மட்டும் அது ரோட்டுல இருக்கப் போவுதா? வழுக்கறதும் வழுக்கும், வெந்நீருக்கு வெறகும் இருக்காது" என்றாள் என் பெண்சாதி.

அவள்மேல் வந்த கோபத்தைத் தெருவின்மேல் காட்டினேன். கிடங்கில் நான் வழித்துப் போட்ட ஆட்டு முடி, விலை போகாமல் காய்ந்து கிடந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். இரண்டு பேருமாக முடியைச் சக்கையோடு பிசிறிக் கொட்டினோம். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் நான் கிடங்குக்குப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் புகை கிளம்பியது. மயிர் கருகும் நாற்றம் பனியில் மேலே போகாமல் தெருவிலேயே கட்டி நின்றது. முதலில் இருமிக்கொண்டு வெளியே வந்தவள் என் பெண்சாதி. "படுபாவி, புள்ள பொறக்கறதுக்குள்ள என்னக் கொன்னுடுவியா?" என்றாள். பின்னாலேயே தெருவே வந்தது. என் சாதி சனம் ஒருவரையும் விடாமல் இழுத்து வைதார்கள். எதிர்வீட்டம்மாள் தண்ணீர் தெளிக்கிற சாணிச் செம்பை என்மேல் வீசினாள்.

வீசட்டும். அன்று சாயங்காலம் மேஸ்திரியும் நானும் மறுபடி கொட்டினோம். அடுத்த நாள் விடியலில் சக்கை ஒரு துளி குறையாமல் கிடந்தது.

தை மாதம் பெண் பிறந்தது. தெருவில் ஒருத்தியும் பார்க்க வரவில்லை. அந்த மார்கழியில் பிறகு வந்த ஒவ்வொரு விடியலிலும் நான் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் கிடங்குக்குப் போனேன். என் பெண்சாதி குடத்தோடு, என்னைத் திரும்பியும் பாராமல், சரக் சரக்கென்று இறங்கிப் போவாள். அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டம்மாள், என்னை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு, ஒவ்வொரு அடியையும் அந்தச் சக்கைமேலேயே பார்த்து வைத்து இறங்குவாள்.