பரிசல் கல்

சாமி கும்பிடுகிறவள் என்பதற்காக, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை விளக்கு, சனிக்கிழமை ஒரு பொழுது, புரட்டாசியில் திருமலைக்கு நடை, இதெல்லாம் எனக்குத் தவறாது. ஆனால் புளியமரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது, கிணற்றடியில் ஒன்று பேர் சொல்லிக் கூப்பிட்டது என்று நகரியில் எங்கள் தெருப் பெண்கள் ஆரம்பித்தால், அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். சாமி உண்டு, மற்றதெல்லாம் வாய்ச்சவடால், அவ்வளவுதான் என் கட்சி. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பவர்லூமில் இருந்தார். சின்ன வயதிலிருந்து அந்தப் பஞ்சுத் தூசியிலேயே நின்று நின்று, ஒருநாள் இருமல் பிடித்துக்கொண்டது. பிறகு படுத்தால் மூச்சு வராது. தலையணையைச் சுவரில் சாத்தி உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். திருப்பதியில் டாக்டர், "தறியை விட்டால் ஆள் இருப்பார், விடாவிட்டால் நான் பொறுப்பில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தறியை விட்டு எங்கே போவது? அந்தச் சமயம் பார்த்து, சத்தியவேடு பக்கம் ஒரு பெரிய ஏரியை மீனுக்குக் குத்தகை எடுத்திருந்தவர், காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று எங்கள் சொந்தக்காரர் மூலம் கேட்டு அனுப்பினார். ஊர்ப் பெயரை எழுதாதே என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், அதனால் விட்டுவிடுகிறேன். முப்பது நாற்பது வீடு இருக்கிற ஊர், அவ்வளவுதான்.

வாடகை வீடு அந்த ஊரின் கடைசி வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, ஓட்டுக் கூரை. பின்கதவைத் திறந்தால் கொஞ்சம் தோட்டம், ஒரு வேப்பமரம், அதைத் தாண்டினால் ஏரித் தண்ணீர். ஓனரம்மா சுகுணம்மா கல்யாணமான மகளோடு வெளியூரில் இருந்தார். சாவியைப் பக்கத்து வீட்டு முனிரத்தினத்திடம் கொடுத்து வைத்திருந்தார். முனிரத்தினம் வாழ்நாளெல்லாம் அந்த ஏரியில் மீன் பிடித்தவர். என்னை முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பால் காய்ச்சினேன், நன்றாகக் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அன்றைக்கே இவர் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். இருமல் இல்லை. இப்போதும் சொல்கிறேன், நான் குடியிருந்த வீடுகளிலேயே அதைப் போல மனசு நிறைந்த வீடு வேறு இல்லை. விடியற்காலையில் நாரைகள் வந்து நிற்கும். காற்றில் பஞ்சு இல்லை, தண்ணீர் வாசனைதான்.

ஒரே ஒரு பயம். இவருக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பக்கத்து ஆற்றில் தண்ணீர் வருவதே அதிசயம், தறிக்காரர்களுக்கு நீச்சல் எங்கே தெரியும்? இங்கேயோ தினமும் பரிசலில் ஏறி ஏரி நடுவில் வலை கட்டியிருக்கிற இடம் வரை போய் வர வேண்டும். பரிசல் ஓட்ட முனிரத்தினம்தான் கற்றுக் கொடுத்தார். முதல் ஒரு வாரம் அது இருந்த இடத்திலேயே ராட்டினம் மாதிரி சுற்றியது. கரையில் நின்று முனிரத்தினம் கத்துவார்: "மாமா, நூல் சுத்தினது போதும், கொஞ்சம் முன்னாடி வா!" குத்தகைக்காரர் மிதக்கிறதுக்கு ஒரு டியூப் கொடுத்திருந்தார். அதை இவர் வேப்பங்கிளையில் மாட்டி வைத்துவிட்டுப் போவார். கேட்டால், "அத்தப் போட்டுக்கினு போனா ஊரே சிரிக்குது" என்பார்.

வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தோட்டத்தில் புல்லைச் செதுக்கும்போது அந்தக் கற்களைப் பார்த்தேன். வேப்பமரத்தடியில், தண்ணீரைப் பார்த்தபடி, பிறை மாதிரி வளைவாக ஆறு கல். முழங்கால் உயரம் கூட இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் கரையில், மரத்தடியில், கல் வரிசையாக இருந்தால் வேறு என்ன? கன்னிமார். ஏழு அக்கா தங்கைகள். ஆறுதானே இருக்கிறது என்று யோசித்தேன், ஏழாவது மண்ணுக்குள் புதைந்திருக்கும் என்று நானே தீர்மானித்துவிட்டேன். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஏழாவதுக்கு வெறும் மண்ணிலேயே ஒரு பொட்டு வைத்தேன். கற்பூரம் காட்டிச் சொன்னேன்: "அம்மா, வேற ஒண்ணும் கேக்கல. இந்த மனுசன் தண்ணி மேல போய் தண்ணி மேல வரணும். அவ்ளோதான்."

இவர் வந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை, துணி தொவைக்க ஆவும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்தேன். ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர் கூட வந்து தாலிக்கயிற்றில் குங்குமம் வைத்துக்கொண்டு போனார்கள். அப்படியே ஆடி, ஆவணி, புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஓனரம்மா வாடகை விஷயமாக வந்தவர், பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள்.

"அய்யய்யோ! மா நாயன பெட்டின ராள்ளம்மா இவி!" என்றார். எனக்குத் தெலுங்கு புரியும், ஆனாலும் புரியாத மாதிரி நின்றேன். அவரே தமிழுக்கு மாறினார். "எங்க நைனா வெச்ச கல்லும்மா. பரிசல கவுத்து வைக்கிறதுக்கு! மண்ணுல வெச்சா மூங்கில செல்லு அரிச்சிடும்ல, அதுக்கு. அதுக்குப் போயி நீ கற்பூரம் காட்டிக்கினு கீற!"

முனிரத்தினத்துக்கும் இது தெரியுமாம். "தெரிஞ்சா சொல்ல மாட்டியா தம்பி?" என்றேன். "நீ அவ்ளோ ஆசையா பண்ணிக்கினு இருந்தியா, எனக்கு வாய் வர்ல அக்கா. என் பழைய பரிசலு கூட கீது, அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிடு" என்று அவரும் சேர்ந்துகொண்டார். இவர் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்ததுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. அன்றைக்கு ராத்திரி இவருக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் அந்தப் பக்கமே போகவில்லை. மழையில் மஞ்சள் கரைந்து போயிற்று.

கார்த்திகையில் புயல் வரும் என்று டிவியில் சொன்னார்கள். சொன்ன நாளைக்கு முந்தைய நாளே வந்துவிட்டது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு, "காத்து எடுக்கறதுக்குள்ள வலைய அவுத்துக்கினு வந்துர்றேன்" என்று இவர் போனார். கொஞ்ச நேரத்தில் ஏரியின் அந்தக் கரை தெரியாமல் போயிற்று. அப்புறம் தண்ணீரே தெரியவில்லை, எல்லாம் ஒரே வெள்ளை. ஓட்டில் மழை விழுகிற சத்தத்தில் நான் முனிரத்தினத்தைக் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. அவர் ஓடி வந்து பார்த்தார், உடனே தன் பரிசலை இழுத்துக்கொண்டு இறங்கினார். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. வேப்பங்கிளையில் அந்த டியூப் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தது.

யாரைக் கூப்பிடுவது? கோவிந்தா கோவிந்தா என்று வாய் சொல்கிறது, கால் என்னைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தக் கற்களுக்கு முன்னால் சேற்றில் விழுந்தேன். கும்பிடவில்லை. நம்பினால் நம்புங்கள், சண்டை போட்டேன். "நீங்க கன்னிமார் இல்ல, ஒத்துக்கறேன். பரிசல் தாங்குற கல்லுதானே நீங்க? தாங்குற வேலைதானே உங்க வேலை? அங்க ஒருத்தன் பரிசலோட கீறான், போய்த் தாங்குங்க! இங்க இன்னா உக்காந்துக்கினு கீறீங்க!" என்று கையால் ஒரு கல்லை அடித்தேன். மறுநாள் பார்த்தபோது உள்ளங்கை வீங்கியிருந்தது. அப்போது வலி தெரியவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, மழை கொஞ்சம் இறங்கியது. விளக்கு வைக்க இன்னும் பொழுது இருந்தது. தண்ணீர் மேல் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. முனிரத்தினத்தின் பரிசல். அதில் இரண்டு தலை இருந்தது. இரண்டு தலை! நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவரைத் தூக்கி வந்து துவட்டி, மிளகுக் கஷாயம் கொடுத்து, கம்பளி போர்த்திய பிறகும் இவர் பேசவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்தது. முனிரத்தினம்தான் வாசற்படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்.

"பரிசலு கவுந்து எங்கயோ போயிட்ச்சி அக்கா. மாமா ஏரி நட்டநடுவுல நின்னுக்கினு கீறாரு. நீந்தல. புடிச்சிக்க ஒரு கட்டை இல்ல. தண்ணி மார் வரைக்கும், கைய கட்டிக்கினு, கோயில்ல நிக்கிற மாதிரி நிக்கிறாரு. அல அடிக்குது, ஆள் அசையல."

"மேடு இருக்கும் தம்பி" என்றேன்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன். மாமாவ மேல ஏத்திக்கினு, அதே எடத்துல மூங்கில் கழிய எறக்கினேன். கை முழுகற வரைக்கும் உட்டேன் அக்கா. அடி கெடைக்கல."

அதற்கும் ஒரு விளக்கம் இருக்கும் என்றுதான் நானே நினைத்தேன். நீங்களும் இப்போது அதைத்தான் நினைப்பீர்கள். ஏரி பழைய ஏரி, உள்ளே ஏதாவது கிணற்றுச் சுவர், மதகுத் தூண் இருந்திருக்கும், ஒரு முழம் தள்ளி மூங்கிலை விட்டிருப்பார். ஓனரம்மாவும் ஃபோனில் அதையே சொன்னார். சரி, வெயில் காலம் வரட்டும் என்று இருந்தோம். அடுத்து வந்த சித்திரையில் ஏரி அநேகமாக முழுவதும் வற்றிவிட்டது. முனிரத்தினம் கரையிலிருந்த பனைமரங்களை அடையாளம் வைத்து எங்களை அந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். வெடித்த சேறுதான், ஒரே சமமாக. மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சுவரும் இல்லை, தூணும் இல்லை, ஒரு செங்கல் கூட இல்லை. இவர் மட்டும் அந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வா" என்றார்.

நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். இவருக்கு இருமல் போயே போய்விட்டது. டியூப் இல்லாமல் இப்போது பரிசலில் ஏறுவதில்லை. நானும் வெள்ளிக்கிழமை பூசையை மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஓனரம்மா வரும்போது சிரிக்காமல் பூ கொண்டுவருகிறார். கன்னிமாரா, பரிசல் கல்லா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நல்லபடியாகத்தான் இருக்கிறோம், அந்தப் பெருமாள் புண்ணியத்தில்.

போன மாதம் ஒரு நாள் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து நான் பூ கட்டிக்கொண்டிருந்தேன். இவர் வலையைப் பிரித்து ஓட்டை தைத்துக்கொண்டிருந்தார். நான் சும்மாதான் கேட்டேன், "அன்னிக்கி காலுக்குக் கீழ கல்லு எப்படி இருந்துச்சி? வழுக்கலியா?" என்று. இத்தனை நாளும் கேட்டால் எழுந்து போகிறவர், அன்றைக்குத் தலை நிமிராமல் சொன்னார்.

"கல்லு இல்லடி அது."

"பின்ன?"

"தோளு. ரெண்டு கால்லயும் ரெண்டு தோளு. சின்னப் பொண்ணு தோளு மாதிரி, சின்னதா. நடுவுல முடி காலுல சுத்திக்கினு இருந்துச்சி. என் கனம் தாங்க முடியாம லேசா நடுங்கிச்சி."

நான் நாரைக் கீழே வைத்தேன். "நீங்க இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்றது? அசைஞ்சா அதுக்கு வலிக்குமேன்னு அப்டியே நின்னுக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த ஓட்டையைத் தைக்க ஆரம்பித்தார். இவரை எனக்குத் திருப்பிக் கொடுத்ததற்கு நான் தினமும் நன்றி சொல்லத்தான் செய்கிறேன், அதில் குறை இல்லை. ஆனால் கண்ணை மூடிக் கும்பிடும்போதெல்லாம் ஒரே எண்ணம் வந்து நிற்கிறது. இவருக்குத் தண்ணீர் மார்பு வரை. காற்றும் மழையும் ஓய்ந்து, முனிரத்தினம் வந்து தூக்குகிற வரை இவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். கீழே நின்ற அந்தப் பிள்ளை, அவ்வளவு நேரமும் மூச்சுக்கு என்ன செய்தது?