பெயருக்கு எதிரே இருந்த எண்

படூரில் என் அறைக்கு நேர் மேலே ஒருவன் குடிவந்த பிறகுதான் என் இணையம் மெதுவாக இருப்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்பும் மெதுவாகத்தான் இருந்திருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். மாமல்லபுரத்தில் சிலைகளுக்கு மெருகு தேய்த்தேன். செங்கல்பட்டில் லாரி கிளீனராக இருந்தேன். நெம்மேலிப் பக்கம் பள்ளம் வெட்டினேன். எந்த வேலையும் ஒரு வருஷம் தாண்டவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் அடுக்குமாடி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தேன். கல்பாக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கிடைத்த நண்பன் மட்டும், நான் எங்கே போனாலும் விட்டுப்போகாமல் இருந்தான். அவன் படித்தான், ஐ.டி. வேலைக்குப் போனான். ஆனால் கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஆடும்போது நாங்கள் ஒரே பக்கம். அவன் முன்னால் ஓடுவான், அவன் முதுகை நான் காப்பேன். அந்த இடம் என்னுடையது.

மேல்வீட்டுக்காரன் திருநெல்வேலிப் பக்கத்தவன். அவனும் ஐ.டி., அவனும் அதே ஆட்டம். ஒரு முறை என்னைப் பார்க்க வந்த நண்பன், படியில் அவனைப் பார்த்துப் பேசிவிட்டான். அதற்குப் பிறகு மேலே ஏறிவிட்டுத்தான் என் அறைக்கு இறங்கி வந்தான்.

ஆட்டத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாருடைய பெயரும் வரும், எதிரே ஒரு எண்ணும் வரும். நாம் அழுத்துவது ஆட்டத்துக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அந்த எண். சின்னதாக இருந்தால் நல்லது. மேல்வீட்டுக்காரனுக்கு அறுபது. எனக்கு நானூறு.

"நீ சுடற குண்டு பஸ் ஏறி, கோவளத்துல எறங்கி, டீ குடிச்சிட்டு வருது மச்சான்," என்றான் நண்பன். நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அணி ஒன்றோடு ஐந்து பேர் ஆட வேண்டியிருந்தது. நாலு பேர் முடிவாகிவிட்டது. ஐந்தாவது நானா அவனா என்பதை நண்பன் சனிக்கிழமை ஆடிப் பார்த்துச் சொல்வதாக இருந்தது.

என்னுடையது வீட்டுக்காரரின் இணைப்பு. வெளிநாட்டு மகனோடு முகம் பார்த்துப் பேச அவர் போட்டது. மோடம் அவர் ஹாலில் இருந்தது. அதுவரை கம்பியில்லாமல்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஜன்னல் வழியாக ஒரு கம்பி இழுத்துச் சொருகினேன். நானூறு. உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த டெலிபோன் கம்பியைச் சீவிப் புதிதாக முறுக்கினேன். நானூற்றுப் பத்து. நேரம் அளக்க நண்பன் முன்பு சொல்லிக்கொடுத்த கட்டளையைக் கருப்புத் திரையில் அடித்துப் பார்த்தேன். மோடம் வரை ஒன்று, அதைத் தாண்டினால் நானூறு. அப்படியானால் கோளாறு வீட்டுக்கு வெளியே என்று முடிவு கட்டினேன். வெளியே எவன் இருக்கிறான்? மேலே இருப்பவன்தான். இரண்டு வீட்டு லைனும் மொட்டைமாடிச் சுவரில் ஒரே பெட்டிக்குத்தான் வந்தன. அவன் ஆபீஸ் போன மத்தியானம் ஏறிப்போய் அவன் கம்பியைப் பிடுங்கிவிட்டு வந்து பார்த்தேன்.

நானூறு.

கம்பியைத் திரும்பச் சொருகினேன். உடனே அல்ல, ஒரு மணி நேரம் கழித்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நண்பன் மேல்வீட்டுக்காரனையே என் அறைக்குக் கூட்டிவந்துவிட்டான். நாற்காலி இல்லை. கவிழ்த்த கேன் மேல் உட்கார்ந்தான். திரையில் கடிகார மூலையில் இருந்த சின்னப் படத்தை அழுத்தினான். நான் சினிமா இறக்கும் சாப்ட்வேர் திறந்தது.

"இறக்கும்போது நான் ஆடவே மாட்டேன். எல்லாம் நூறு சதவீதம் ஆன பிறகுதான் ஆடுவேன்," என்றேன் முந்திக்கொண்டு.

"சரிதாண்ணே. ஆனா இறக்கி முடிச்ச படமெல்லாம் இன்னும் கேக்குற ஊர்க்காரனுக்கெல்லாம் ஏத்தி அனுப்பிக்கிட்டுல்லா இருக்கு. இங்க பாருங்க." வலது ஓரத்தில் இன்னொரு வரிசை எண்கள் ஓடின. மாதக்கணக்கில் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறேன், கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தாண்டி என் கண் போனதே இல்லை. "முப்பத்தேழு படம். நீங்க சுடுறதும் இதே வழியாத்தாண்ணே வெளிய போணும்."

முப்பத்தேழும் நண்பனுக்காக இறக்கியவை. மேல்வீட்டுக்காரன் வந்த பிறகு, நண்பன் கேட்காததையும் இறக்கி வைத்திருந்தேன். அவன் என் அறைக்கு வர ஒரு காரணம் வேண்டுமே.

மேல்வீட்டுக்காரன் எல்லாவற்றையும் நிறுத்தினான். எண் அறுபத்திரண்டுக்கு இறங்கியது. ஹாலிலிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: "தம்பி! மவன் மொகம் அசையுதுப்பா! இத்தினி நாளா போட்டோ மாரி நின்னுகினு இருந்தான்!"

"கில்லாடிடா நீ," என்று நண்பன் தோளில் தட்டினான். தட்டியது மேல்வீட்டுக்காரன் தோளில்.

சனிக்கிழமை ஆடினோம். நண்பன் அவன் வீட்டிலிருந்து, நான் என் அறையிலிருந்து. நண்பன் முன்னால் ஓட, பின்னால் படியில் ஒருவன் ஏறி வந்தான். நான் நன்றாகப் பார்த்தேன். அழுத்துவதற்குள் நண்பன் விழுந்துவிட்டான். அடுத்த சுற்றில் இன்னொரு கதவு, அதே கதை. மூன்றாவதில் யாரும் வராத பக்கம் நான் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா மச்சான் ஆச்சு?" காதுக்குள் அவன் குரல்.

"லைன் இழுக்குதுடா."

அவன் பட்டனை அழுத்தியிருப்பான் என்று தெரிந்தது. நானும் அழுத்தினேன். என் பெயருக்கு எதிரே ஐம்பத்தெட்டு. அவனுக்கு அறுபத்தொன்று.

"என்னுத விட உன்னுது கம்மியா கீது மச்சான்," என்றான். கிண்டல் இல்லாத குரல். பஸ் ஏறி வருது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நானூறு இருந்தவரை, ஆடத் தெரியாதவன் என்று என்னை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாயங்காலம் மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு என் நண்பனிடம் மேல்வீட்டுக்காரன், "பின்னாடி நான் பாத்துக்கிடுதேன், நீ போ!" என்று கத்தியது கூரை வழியாக வந்தது. நான் சாப்ட்வேரைத் திறந்து முப்பத்தேழையும் ஓடவிட்டேன். அவர்கள் ஆட்டத்தை அது ஒன்றும் செய்யாது என்று தெரியும். அவன் லைன் வேறு, என் லைன் வேறு.

"தம்பி, மவன் மறுபடியும் நின்னுட்டான்பா," என்றார் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து.

"லைன் கோளாறு சார்," என்றேன்.