நாலு கயிறும் ஒரு முடிச்சும்

நாலு கயிற்றுக் காத்தாடித் தொழிலில் துணி, குச்சி, கயிறு எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும், காற்று மட்டும் அதற்குத் தோன்றினால்தான் வரும். வராததற்குக் காத்திருந்து நொந்துபோனவர்களே, உங்களிடம்தான் புலம்புகிறேன். ஆரணியில் ஒரு கடையில் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுக் காத்தாடிக்கு டிசைன் போட வந்தேன். ஒரு வருஷம் பார், சரிப்படாவிட்டால் கடைக்கே திரும்பிவிடு என்றார் வீட்டுக்காரர்.

ஏரியில் போலீஸ்

இரண்டு கயிறு வலக்கைக்கு, இரண்டு இடக்கைக்கு. நாலும் ஒரே நீளமாக இருந்தால் காத்தாடி சொன்ன பேச்சைக் கேட்கும், பின்னால்கூடப் போகும். வற்றின ஏரியில் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார். கண்ணாடித்தூள் மாஞ்சா இல்லை சார், தடவிப் பாருங்கள் என்று கயிற்றை நீட்டினேன். தடவியும் பார்த்தார்.

"ஒரு கயிறு உட்டாலே கேஸு. நீ நாலு உட்டுகினு கீறியேமா."

ஜரிகை பார்டர்

ஒரு பட்டுக்கடை முதலாளி, கடைக்கு மேலே பறக்க அசல் பட்டில் காத்தாடி கேட்டார். பார்டர் வேண்டாம், கனம் தாங்காது என்றேன். ஒரு சாண் ஜரிகை பார்டரோடு துணி வந்தது. மறுக்க வாய் வரவில்லை, அந்த வருஷம் வந்த ஒரே ஆர்டர். தைத்துக் கொடுத்தேன். மொட்டைமாடியில் கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்து உட்கார்ந்தது, எழுந்திருக்கவே இல்லை. பார்டரைப் பிரித்துவிடலாமா என்று கெஞ்சினேன்.

"பார்டர் இல்லாத பட்ட எவன்மா நிமிந்து பாப்பான்? பறக்காட்டி போவுது, மாட்டி வை."

தெருவில் பாவு

கடற்கரையில் காத்தாடி விழா நடத்துகிற ஒருவர் சென்னையிலிருந்து பார்க்க வந்தார். பிடித்துப்போனால் விழாவில் காத்தாடி விடுகிற அவர் குழுவுக்கெல்லாம் நான்தான் காத்தாடி செய்வேன், சேலைக் கடைக்குத் திரும்ப வேண்டாம். அன்று காலை நாலு கயிற்றையும் தெருவில் ஆணியடித்து இழுத்துக் கட்டி அளந்தேன். எங்கள் நெசவுத் தெருவில் தறிக்குப் போகிற பாவு நூலை நீட்டியிருந்தால் யாரும் தாண்ட மாட்டார்கள். இதையும் பாவு என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஊர் எனக்குக் கொடுத்த மரியாதை அது ஒன்றுதான். நம்பி உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, அப்படியே சுருட்டிக்கொண்டு ஏரிக்குப் போனேன்.

பாழாய்ப்போன காற்று, அன்றைக்கென்று அருமையாக வந்தது. காத்தாடி எழுந்தது, இடப்பக்கம் சாய்ந்து சுற்றிச் சுற்றித் தலைகுப்புற விழுந்தது. மறுபடி விட்டேன், மறுபடி அதே கதி, குச்சி முறிந்தது. கயிற்றை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒன்றில் கண்ணுக்கே தெரியாத முடிச்சு. அந்தக் கயிறு மட்டும் ஒரு சாண் குறைவு. அங்கேயே அழுதுவிட்டேன். வந்தவர் நல்ல மனுஷர், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"டிசைன் நல்லா இருக்கும்மா. ஆனா கயித்தையே அளக்காதவங்கள நம்பி நான் குழுவ எறக்க முடியாது."

எதிர்வீட்டு அக்கா

அப்படி முடிச்சுப் போட எங்கள் தெருவில் ஒரு கைதான் உண்டு. எதிர்வீட்டுக் குப்பு அக்காவுக்குப் பாவில் அறுந்த இழையைப் பிணைப்பதுதான் வேலை. நான் சாப்பிடப் போன நேரம் ஆடு ஒரு கயிற்றைக் கடித்துவிட்டதாம். நைந்த இடத்தை வெட்டி, முடிச்சுப் போட்டு, எட்டாத ஆணியை ஒரு சாண் நகர்த்தி அடித்து, பழையபடி இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சண்டை போடத்தான் போனேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

"அறுந்து கெடந்துச்சும்மா. பாத்துகினே எப்படிப் போறது? நீ வந்து பாத்தா அழுவியேன்னுதான்."

திங்கட்கிழமையிலிருந்து மறுபடி சேலைக்குப் பார்டர் வரைகிறேன், அது பறக்க வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் நிம்மதி.