விழும்போது சுடுகிறவள்

மருந்தடிக்கும் குழலின் அடிப்பாகத்தை முழங்கை மடிப்பில் முட்டுக்கொடுத்து, விசை இருக்கும் இடத்துக்கு ஆள்காட்டி விரல் எட்டுகிறதா என்று பார்க்கிறாள் கருப்பாத்தாள். எட்டவில்லை. குழலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புல்வெட்டும் மெஷினை எடுக்கிறாள். அதன் விசை விரலைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. "இது குட்டக்கையனுக்குச் செஞ்சது" என்கிறாள், யாரையும் பார்க்காமல். துப்பாக்கிக் கட்டையின் நீளத்தை இப்படித்தான் முழங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சுடும் பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து எருத்தேன்பதியில் அவள் வீட்டுத் தேங்காய்க் களத்துக்குள் வரும் விசை வைத்த எந்தப் பொருளும் அவள் முழங்கைக்குத் தப்புவதில்லை. குழாய் மாட்ட வந்தவரின் துளைபோடும் மெஷின்கூட.

மனிதர்களும் தப்புவதில்லை. மட்டை உரிக்க வருகிற ராசம்மாளை நிறுத்தி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விடச் செய்தாள்.

"அதுக்குள்ளாற அந்தப் பப்பாளியப் பாரு. ரெண்டு கண்ணுலயும். பாத்தயா? இப்ப எடக்கண்ண மூடு."

"பப்பாளியக் காணமுங்கக்கா."

"அப்ப உனக்கு எடக்கண்ணுதான் எசமான். வலத்தோள்ல துப்பாக்கி வெச்சா குறி கோணிப் போயிரும்."

"நா எதுக்குங்கக்கா துப்பாக்கி வெக்கறேன்? வாய் இருக்கறப்ப?"

களமே சிரித்தது. கருப்பாத்தாள் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். தனக்கு வலக்கண் எசமான் என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி உண்டு. வாங்கப்போகிற பொருளில் ஒரு தொல்லை குறைவு.

ஐம்பதைத் தாண்டிய வயது. குட்டையான, அகன்ற தோள்களைக் கொண்ட பெண். துப்பாக்கி வீட்டுக்குள் பேச்சாக வந்தது பன்றிகளால்தான். போன மழைக்காலத்தில் காட்டுப்பன்றிகள் வந்து புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளைக் குருத்தோடு கெல்லிப் போட்டன. கணவன் நஞ்சப்பனுக்குக் கண்ணில் புரை. அதனால் பயிர்ப் பாதுகாப்புக்கான லைசென்ஸை அவள் பெயரில் கேட்டார்கள். வில்லேஜ் ஆபீஸ், ஸ்டேஷன், கலெக்டரேட் என்று மனு அலைந்துகொண்டிருந்தபோது, எலப்புள்ளிக்கு அப்பால் கைவிட்ட கல்குவாரிப் பள்ளத்தில் இருக்கும் சுடுதளத்தில் விவசாயிகளுக்குப் பயிற்சி நடந்தது. கடைசி நாள் அங்கே பயிற்சி கொடுக்கிற ஜோமோன் விளையாட்டுக்கு ஒரு மெஷினை ஓடவிட்டான். தரையோடு இருந்த பள்ளத்திலிருந்து உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஆரஞ்சுத் தட்டு ஒன்று கிளம்பி வானத்தில் போனது. சுட்டான். தட்டு இருந்த இடத்தில் கொஞ்சம் கரும்புகை.

கருப்பாத்தாள் கையை நீட்டித் துப்பாக்கியைக் கேட்டாள்.

பன்றிப் பிரச்சினையைச் சூரிய மின்வேலி தீர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தீர்க்க வேலி இல்லை. வாராவாரம் பஸ் ஏறிப் போய், சுடுதளத்தின் பொதுத் துப்பாக்கியில் தன் முறைக்காகக் காத்திருந்து சுட்டுவிட்டு வருகிறாள். தட்டுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் ஓடு. மற்றவர்கள் தட்டு வேண்டும்போது, இழு என்பதற்கான இங்கிலீஷில் "புல்" என்று அதட்டுவார்கள். அவள் "உடுங்க" என்பாள். மெஷினுக்கு எதற்கு மரியாதை என்று ஜோமோன் கேட்டான். "மெஷினுக்கில்லீங்க. அத அமுத்தறவரு பெரியவருங்க" என்றாள்.

இப்போது லைசென்ஸ் வந்துவிட்டது. குறித்த காலத்துக்குள் ஒரு துப்பாக்கி வாங்கி அதில் பதிந்துகொள்ள வேண்டும். ஒன்றுதான். தேங்காய் விலை ஏறிய வருஷம் என்பதால் கையில் இருக்கிறது. அடுத்த வருஷத்தைப் பற்றித் தென்னைக்கே தெரியாது. பாலக்காட்டில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் முகம்மது பாய் முதல் நாளே சொல்லிவிட்டார்: "மாடு வாங்கி ஒத்து வரலேன்னா சந்தைக்கு ஓட்டிட்டுப் போலாம். இது புஸ்தகத்துல நம்பர் ஏறிட்டா பின்னே மாத்துறது பெரிய பாடும்மா. பாத்து எடுங்க." தவறான துப்பாக்கி வந்து சேர்ந்தால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அவளுக்கு அது தெரியும்.

முதலில் அவள் எல்லோரும் செய்கிற தப்பையே செய்தாள். கடையில் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே லேசானதைப் பிடித்துக்கொண்டாள். "பூவாட்டம் இருக்குதுங்க. இதையே குடுத்துருங்க." பாய் குடுக்கவில்லை. "ஒரு ஞாயித்துக்கெழம இந்த எடையில அடிச்சுப் பாத்துட்டு வாங்க" என்று, அதே எடையில் ஒன்று வைத்திருந்த சுடுதள உறுப்பினரின் பெயரைச் சொன்னார். அன்று சாயங்காலம் கருப்பாத்தாளின் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வெடிக்கும்போது பின்னால் வருகிற உதையைத் துப்பாக்கியின் கனம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வாங்க வேண்டும் என்று நல்லெண்ணெய் தேய்த்தபடியே நஞ்சப்பனுக்கு விளக்கினாள்.

"கனமா இருக்கறதே நல்லதுன்னா உன்னையக் கட்டுனது தப்பில்ல" என்றான் அவன்.

"பேசாமத் தேயுங்க மாமா."

அப்புறம் இரண்டு துப்பாக்கிகளில் வந்து நின்றது. ஒன்று, தட்டு சுடுவதற்கென்றே வெளிநாட்டில் செய்தது. மேலும் கீழுமாக இரட்டைக் குழல், குழல் மேல் குறி பார்க்க உயரமான பட்டி, கன்னம் படும் இடத்தில் உயர்த்திய கட்டை. ஒருவர் கை மாறியது. புதிதாக வாங்கினால் டிராக்டர் விலை. இது அதில் பாதிக்கும் கீழே. தேங்காய்ப் பணம் முழுக்கப் போய், சங்கிலி ஒன்று அடகுக்குப் போனால் முடியும். இன்னொன்று இந்தியாவில் செய்த பழைய துப்பாக்கி. பக்கம் பக்கமாக இரட்டைக் குழல், தட்டையான பட்டி, கனத்த கட்டை. ஒரு கறவை மாட்டு விலை. ஜோமோன் இரண்டாவதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சேச்சி, அது பன்னி வேட்டைக்கு உள்ளது. முதலாவதை எடுக்கணும். கடன் வாங்கியாவது எடுக்கணும்." ஜோமோன் ஆனைக்கரைக்காரன், மலையாளி. ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழ் அவனுடையது.

நஞ்சப்பனுக்கு இரண்டாவது பிடித்திருந்தது. விலைக்காகவும், பன்றிக்காகவும். வேலி இருந்தாலும் பக்கத்துத் தோட்டங்களில் பன்றி வருகிறது. "துப்பாக்கி இருக்கற ஊட்டுக்குத்தான கூப்புடுவாங்க? நாலு பேருக்கு ஒதவியா இருக்குமல்லோ?" அந்த உதவிதான் கருப்பாத்தாளுக்குப் பயம். துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவர் அடுத்த ஊரில் இருக்கிறார். பன்றி சுடக் கல்யாணப் பந்தியிலிருந்து அவரை எழுப்பிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறாள். "பன்னி சுட்டாக் கத்துமுங்க. ஓடு கத்தாது" என்பது அவளுடைய நிலை. பன்றித் துப்பாக்கி என்று பெயர் விழுந்துவிட்டால் அது அவளுடையதாக இருக்காது, ஊருடையதாகிவிடும்.

ஆகவே அவளும் முதலாவதைத்தான் நினைத்துக்கொண்டு சுடுதளத்துக்குப் போனாள். பாய் இரண்டையும் தன் வண்டியிலேயே கொண்டு வந்திருந்தார்.

வெளிநாட்டுத் துப்பாக்கி முழங்கையில் அளந்தது போல் பொருந்தியது. கன்னம் தானாகப் போய்க் கட்டையில் உட்கார்ந்தது. "உடுங்க." தட்டு கிளம்பியது. சுட்டாள். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. மறுபடி. மறுபடி. குவாரியின் எதிர்ச்சுவர் அடியில் ஆரஞ்சுத் தட்டுகள் பொறுக்கி எடுக்கலாம் போல் கிடந்தன. ஜோமோன் அவள் காலை நகர்த்திப் பார்த்தான், முழங்கையை உயர்த்திப் பார்த்தான். நஞ்சப்பன் தொண்டையைச் செருமினான்.

"அதக் குடுங்க" என்று பழையதைக் கேட்டாள்.

முதல் தட்டு புகையானது. இரண்டாவதும். மூன்றாவது ஓரம் உடைந்தது. நான்காவது இல்லாமலே போனது. பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கறவை மாட்டு விலை அடிக்கிறது, அரை டிராக்டர் விலை அடிக்கவில்லை. ஜோமோனுக்குக் கோபமே வந்துவிட்டது. அவள் பின்னால் போய், அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டி நின்றுகொண்டு இன்னும் சில தட்டுகளை விடச் சொன்னான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சேச்சி, நீங்க எப்ப சுடுறீங்க?"

"ஓடு வந்தாத்தானுங்க சுடுவேன்."

"அது மேல போகும்போ நீங்க சும்மா பார்த்து நிக்கிறீங்க. மேல போய், நின்னு, கீழ இறங்கும்போதான் வெடி வைக்கிறீங்க!"

தட்டுத் துப்பாக்கி கொஞ்சம் மேலே சுடுமாறுதான் செய்யப்பட்டிருக்கும் என்று அவன் விளக்கினான். தட்டு ஏறிக்கொண்டே இருக்கும் என்ற கணக்கு அது. ஏறுகிற தட்டுக்கு அந்த உயரம் சரி. இறங்குகிற தட்டுக்கு மேலே வெறும் ஆகாயம். பழைய துப்பாக்கி பார்த்த இடத்தில் சுடுகிறது, சில நேரம் ஒரு மயிரிழை கீழேயும். ஆகவே தட்டு இறங்கும்போது சுடுகிறவள் கையில் அது பொருந்துகிறது.

கருப்பாத்தாள் யோசித்தாள். முப்பது வருஷமாகத் தென்னந்தோப்பில் நிற்கிறாள். மேலே ஏறிய ஆள் குலையை வெட்டுவது அவளுக்கு வேலை இல்லை. காய் பிடி விட்ட பிறகுதான் அவள் கண் அதைப் பிடிக்க வேண்டும். எங்கே விழுகிறது, எந்த வாய்க்காலுக்குள் உருளுகிறது, யார் தலைக்கு நேராக வருகிறது. "ஏறறத எவ பாப்பாளுங்க?" என்றாள். "உழுகறதத்தானுங்க பாக்கோணும்."

"மாத்தணும் சேச்சி. போட்டிக்கு இது பத்தாது. லேட்டா சுட்டா ரெண்டாவது வெடிக்கு நேரமே இல்ல. நல்ல துப்பாக்கி எடுங்க, பழக்கத்த நான் மாத்தித் தரேன்."

"எத்தன நாளாகுமுங்க?"

"ஒரு வருஷம்."

"அந்த ஒரு வருசமும் ஓடு ஒடயாதுங்களா?"

அவள் இரண்டு துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றித் தோளில் வைத்துப் பார்த்தாள். வெளிநாட்டுத் துப்பாக்கியின் கட்டையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். பாய் எதையும் சொல்லாமல் பாக்கு மென்றுகொண்டிருந்தார். விற்றால் எதில் அவருக்கு லாபம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை போலும்.

"பழசையே எழுதிருங்க பாய்."

நஞ்சப்பன் முகம் மலர்ந்தது.

கடைக்குத் திரும்பி, பாய் லைசென்ஸில் நம்பரைப் பதிந்தார். பிறகு தோட்டா. ஒரு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று லைசென்ஸில் அளவு எழுதியிருக்கிறது. எந்த வகையில் வாங்கினாலும் அந்த அளவில் கழியும். பாய் பழக்கத்தில் இரண்டு வகையையும் மேஜை மேல் வைத்தார். ஒன்றில் கடுகளவு ரவை, தட்டுக்கு. இன்னொன்றில் பட்டாணி அளவுக் குண்டு, பன்றிக்கு.

"பாதிக்குப் பாதி போடுங்க பாய்" என்றான் நஞ்சப்பன். "ஏம்புள்ள, நாளைக்கு யாராச்சும் கூப்புட்டா வெறுங்கையோட போக முடியுமா?"

"துப்பாக்கி உங்குளுக்குப் புடிச்சதுதானுங்க மாமா" என்றாள் கருப்பாத்தாள்.

"ஆமா. அதத்தான் சொல்றேன்."

அவள் பட்டாணிக் குண்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேஜைக்கு அந்தப் பக்கம் பாயின் கைக்கு எட்டும் தூரத்தில் அடுக்கினாள். கடுகு ரவைப் பெட்டிகள் அத்தனையையும் இழுத்துத் தன் மடியில் வைத்து, அவற்றின் மேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டாள்.