பெற்றோல் வரிசையில் கிடந்து வானத்தை ஏசிய நாட்கள்

அந்த வருடம் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. நானும் நின்றேன். நின்றேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் ஐந்து நாள் காருக்குள் கிடந்தேன். அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கும் பாதையில் பெற்றோல் அடிக்கும் செட் ஒன்று. அங்கே தொடங்கிய வரிசை மேட்டில் வளைந்து வளைந்து ஏறி, எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை வரைக்கும் வந்திருந்தது. வீடு பத்து நிமிட நடை. கொல்லையில் மனைவி காயப்போட்ட துணிகூடக் கண்ணுக்குத் தெரியும். ஆனால் போய் ஒரு குளியல் குளித்துவிட்டு வர முடியாது. காரணம், பெயர் வாசிப்பு.

இடையில் புகுந்து நிற்கும் ஆட்களைத் தடுக்க வரிசைக்காரர்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரு கொப்பியில் எல்லா வாகன இலக்கத்தையும் எழுதி நம்பர் போட்டிருந்தார்கள். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம், நேரம் சொல்லாமல் வாசிக்கப்படும். வாசிக்கும்போது ஆள் காருக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பெயருக்குக் கோடு. பிறகு அழுதாலும் பிரயோசனம் இல்லை. நான் கணிதம் படிப்பிக்கிறவன் என்று தெரிந்ததுமே கொப்பியை என் கையில் திணித்துவிட்டார்கள். கொப்பிக்காரன் வரிசையை விட்டு அசையவே கூடாது. இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வரவு இடாப்பை மார்க் பண்ணிய பாவம் போதாதென்று, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த காலத்தில் தொந்தியும் நரையுமான ஆம்பிளைகளுக்கும் இடாப்பு மார்க் பண்ணினேன்.

மேடு என்பதால் ஒவ்வொரு காரின் முன் சில்லுக்கும் ஒரு கல் முட்டுக் கொடுத்திருக்கும். வரிசை நகரும்போது யாரும் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதில்லை. கல்லை எடுத்தால் கார் தானாகவே உருளும். பிறகு பிரேக், மறுபடி கல். என் கல் வீட்டிலிருந்து கொண்டுபோனது. மனைவி கறிவேப்பிலைச் செடிக்கு அணையாக வைத்திருந்த கருங்கல்.

இத்தனை பாடும் எதற்கென்றால், வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மகளுக்கு விமானம். எங்களுக்கு ஒரே பிள்ளை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று முழுச் செலவையும் தானே ஏற்று அவளைக் கூப்பிட்டிருந்தது. டொக்டருக்கா, எஞ்சினியருக்கா என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று படிக்கப் போகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் கூசும். "ஏதோ சயன்ஸ்" என்று சொல்லி மழுப்புவேன். மூன்று மணித்தியாலப் பயணத் தூரத்தில் இருக்கும் விமான நிலையத்துக்குப் போக வழி இல்லை. ரயில் ஓடினால் கூரையிலும் ஆள். இரண்டு பெரிய பெட்டியோடு நினைத்தும் பார்க்க முடியாது. வாடகை வான்காரர்கள் எல்லாரும் எனக்கு முன்னாலும் பின்னாலும் இதே வரிசையில் கிடந்தார்கள். வெள்ளிக்குள் பெற்றோல் கிடைத்தால் அவள் போவாள். கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கதை.

என் நம்பர் அறுபத்தொன்று. முன்னால் அறுபதில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா. வெள்ளைச் சேர்ட்டை ஐந்து நாளும் அழுக்குப் படாமல் வைத்திருந்த மனிதர். எப்படி என்று இன்றைக்கும் விளங்கவில்லை. பின்னால் அறுபத்திரண்டில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். பேராதனையில் வேலை, அம்பிட்டியவில் வாடகை அறை. வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில். இரண்டு மாதமாக அவர் ஊருக்குப் போகவில்லை. கார்க் கண்ணாடியில் பிள்ளைகளின் படத்தை ஒட்டி வைத்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒரு பிஸ்கட் பக்கெட்டை மூன்றாகப் பங்கு போடும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள் காலையில் நானா கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விண்வெளிக்கு அனுப்பிய புதிய தொலைநோக்கி எடுத்த முதல் படமாம். கறுப்பில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ தெரிந்தது.

"மாஸ்டர், இதுக்குப் பத்து பில்லியன் டொலராம்! பத்து பில்லியன்! நம்மட எண்ணெய்க் கப்பல் கடல்ல நிக்கிது, இறக்க டொலர் இல்ல. இவனுகள் வானத்தப் படம் புடிக்கிறானுகள்!"

எனக்கு ஏற்கெனவே மூக்கின்மேல் கோபம். காய்ந்த பாண் துண்டும் கழுவாத முகமுமாக இருப்பவனிடம் வந்து வானத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? வாயைத் திறந்தேன், மூட முடியவில்லை. இது திமிர் பிடித்தவனின் பொழுதுபோக்கு என்றேன். பச்சைப் பிள்ளைகளுக்குப் பால்மா இல்லை, இங்கே நட்சத்திரத்துக்கு முகப்படம் எடுக்கிறான் என்றேன். கொப்பியின் கடைசித் தாளில் அந்தக் காசுக்கு எத்தனை கப்பல் வரும் என்று வகுத்தும் காட்டினேன். சுற்றி இருபது பேர் கூடிவிட்டார்கள். ஏச ஏச எனக்கு உடம்பு இலேசானது. ஐந்து நாளில் அந்த அரை மணித்தியாலம்தான் நான் மனுசனாக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மகள் சோற்றுப் பார்சலோடு இறங்கி வந்தாள். நான் பேசியது எவ்வளவு அவள் காதில் விழுந்தது என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாமே விழுந்த மாதிரி இருந்தது.

நானாவுக்கு அவள் என்ன படிக்கப் போகிறாள் என்று தெரியாது. நான்தான் "ஏதோ சயன்ஸ்" என்று மழுப்பியிருந்தேனே. "மகள், நீங்க சயன்ஸ் படிச்ச புள்ள. சொல்லுங்க பாப்பம், இதில என்ன இரிக்கி?" என்று படத்தை நீட்டினார்.

அவள் பார்சலை என் மடியில் வைத்துவிட்டுப் படத்தை வாங்கினாள். காலையிலேயே பார்த்திருப்பாள்; ஆனாலும் புதிதாகப் பார்க்கிறவள் மாதிரி குனிந்து பார்த்தாள். தரையிலிருந்து ஒரு மணல் துணுக்கை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, கையை நீட்டி வானத்துக்கு நேரே பிடித்தாள்.

"அங்கிள், இந்த மணல் மறைக்கிற அளவு வானம்தான் இந்தப் படம் முழுக்க. அதுக்குள்ள தெரியிற ஒவ்வொரு பொட்டும் ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டம். சிலதோட வெளிச்சம் ஆயிரத்து முந்நூறு கோடி வருசத்துக்கு முன்னால புறப்பட்டது. இப்பதான் வந்து சேருது."

நானா வாயைப் பிளந்தார். "அல்லாஹ்வே! அப்ப அதுவும் போலிம்லதான் நிண்டு வந்திரிக்கி!"

வரிசைக்குச் சிங்களத்தில் போலிம். வரிசையே சிரித்தது. சிங்கள வான்காரர் ஒருவருக்கு யாரோ மொழிபெயர்க்க, அவரும் தனியாக ஒரு சிரிப்புச் சிரித்தார். எல்லாரும் மாறி மாறி மணலை விரலில் ஒட்டி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தவன் எங்களுக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பான்.

"அதெல்லாம் சரி மகள், அந்தக் காசு?" நானா விடவில்லை.

"எனக்கும் அப்பப்ப கோவம் வரும் அங்கிள்," என்றாள். "ஆனா அதை நிப்பாட்டியிருந்தா அந்தக் காசு கண்டிக்குப் பெற்றோலா வந்திருக்குமா?"

நானா கொஞ்சம் யோசித்தார். "வராதுதான். ஆனா ஏசுறதுக்கு ஒராள் வேணுமே, மகள்."

அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "சோறு ஆறிரும், சாப்பிடுங்கப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டில் ஏறிப் போனாள். அவள் போன பிறகு யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார், "மாஸ்டர், பிள்ளை இதைத்தானோ படிக்கப் போகுது?" ஆமா என்றேன். "பிறகேன் இந்த ஏச்சு ஏசினனீங்கள்?" என்றார். சோற்றுப் பார்சலைத் திரும்பவும் மடித்து வைத்தேன். நான் ஏசியது தொலைநோக்கியையா, காசையா? இரண்டும் இல்லை. என் பிள்ளையைக் கொண்டுபோகிற வானத்தை. அது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய, கல் முட்டுக் கொடுத்த காருக்குள் சாய்ந்து கிடந்தேன்.

வியாழக்கிழமை காலையில் பெற்றோல் ஏற்றிய பவுசர் லொறி வந்தது. கண்டிப் பெரஹரா ஊர்வலத்துக்கும் அப்படி ஒரு ஆரவாரத்தை நான் கேட்டதில்லை. செட் முகாமையாளர் மேலே நடந்து வந்து என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். முன்னுரிமை வாகனங்களுக்குப் போக மிச்சம் அறுபத்தொரு காருக்குத்தான் வரும் என்று சிங்களத்தில் சொல்லி, என் இலக்கத்துக்குக் கீழே கோடு கிழித்தார்.

கடைசி ஆள் நான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்ததும் என் புத்தி போன போக்கை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரே ஒரு இடம் பின்னால் போனால் போதும். பெற்றோல் இல்லை, விமானம் இல்லை, பிள்ளை வீட்டில். பழி நாட்டின்மீது போகும், வரிசைமீது போகும், என்மீது வராது. அதோடு நல்லவன் என்ற பெயரும் கிடைக்கும்.

வரிசை உருளத் தொடங்கியது. நானாவின் கார் முன்னால் இறங்கிப் போனது. நான் கல்லை எடுக்கவில்லை. பின்னால் நடந்துபோய் யாழ்ப்பாணத்துக்காரரிடம், "நீங்க முன்னுக்குப் போங்க. புள்ளைங்களப் பார்த்து ரெண்டு மாசமாச்சுல்ல," என்றேன்.

அந்த மனிதருக்கு ஆசை இல்லாமல் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய படத்தை ஒரு தரம் பார்த்தார். கை காரை ஸ்டார்ட் பண்ணும் திறப்புக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஸ்டர், மறைக்காமல் சொல்லுங்கோ. இது எனக்காகவோ? இல்லாட்டி பிள்ளை போகக் கூடாது எண்டோ?"

களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி நின்றேன்.

"என்ரை பிள்ளையள் அங்கைதான் இருக்கினம், எங்கையும் ஓடிப்போக மாட்டினம். அடுத்த பவுசருக்கு நான் போவன். நீங்கள் போய் ஏறுங்கோ."

பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். கீழேயிருந்து நானா மூச்சு வாங்க ஏறி வந்தார். "என்ன மாஸ்டர், ஏன் நிக்கிறீங்க? இடம் போயிரும்!"

"மாஸ்டருக்குப் பிள்ளையை அனுப்ப மனம் வருகுதில்லை," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

நானா என் தோளைப் பிடித்துக் காருக்குள் தள்ளினார். பிறகு அந்த வெள்ளைச் சேர்ட்டோடு, இரவு மழையில் ஊறிய சேற்றில் முழங்காலை ஊன்றி, என் சில்லுக்குக் கீழே கிடந்த கருங்கல்லை இரண்டு கையாலும் இழுத்து எடுத்தார். சேர்ட் நாசமாய்ப் போனது. கல்லைக் கொண்டுவந்து பின் சீற்றில் போட்டுவிட்டு, ஜன்னலால் தலையை நீட்டினார்.

"அந்தப் புள்ள போய் அந்தக் காச நல்லா வீணாக்கட்டும், மாஸ்டர். நம்மட பங்குக்கும் சேத்து."

நான் பிரேக்கை விட்டேன். கார் உருண்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பக்கக் கண்ணாடியில் யாழ்ப்பாணத்துக்காரர் தன் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

கடைசிக் கார் என்பதால் எனக்கு முழுப் பங்கு வரவில்லை. விமான நிலையம் போகக் காணும், திரும்பி வரப் போதாது. வீட்டில் இதை மனைவியிடம் மட்டும் சொன்னேன். "அவகிட்ட மூச்சு விடாதீங்க," என்றாள். வெள்ளி விடியமுன் புறப்பட்டோம். பின் சீற்றில் ஒரு பெட்டியும் மகளும், காலடியில் அந்தக் கல். இறக்கி வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

விமான நிலைய வாசலில் அவள் தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னிடம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, திரும்பிப் போகப் பெற்றோல் இருக்கா?" என்று கேட்டாள். என் பிள்ளை அல்லவா, கணக்கு விடாது. "ஃபுல் டேங்க்," என்றேன்.

நீர்கொழும்புப் பக்கம் அகப்பட்ட முதல் செட்டில் வரிசை தெரிந்தது. அதன் வாலில் போய் நிறுத்தினேன். அங்கேயும் ஒருவர் கொப்பியோடு வந்து இலக்கத்தை எழுதிக்கொண்டார். இருநூற்றுப் பதினெட்டு. மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டே, "இன்னும் எத்தனை நாளுங்க?" என்றாள். நான் இறங்கி முன்னால் நின்ற கார்களை எண்ணத் தொடங்கினேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து மகள் அழைத்தாள். விமானத்தில் ஏறிவிட்டாளாம். ஜன்னலோர சீற்றாம். "அப்பா, எங்க இருக்கீங்க?"

"கண்டிக்குக் கிட்ட வந்தாச்சு, கடுகண்ணாவ ஏத்தத்தில ஏறிக்கிட்டு இருக்கோம்மா. நல்ல பனி. குளுகுளுன்னு இருக்கு."

வெயில் காரை வேகவைத்துக்கொண்டிருந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. எனக்கு முன்னால் ஒரு கார் இடம் விழுந்திருந்தது.

"ஹோர்ன் சத்தம் கேக்குதே?"

"பின்னால ஒரு பஸ்ஸும்மா, வழி கேக்கிறான். வைக்கிறேன், வளைவு வருது, ரோட்டப் பார்த்து ஓட்டணும்."

தொலைபேசியை மனைவியின் மடியில் போட்டுவிட்டு இறங்கினேன். அங்கே மேடு இல்லை, கார் தானாக உருளாது. கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.